வெள்ளிக்கிழமையை நான் ரிவெர்ட் செய்யவில்லை

தோஹாவில் நான் வேலை பார்த்தபோது போட்ட சண்டையெல்லாம் புரோகிராமில் ஒரே ஒரு வரிக்காகத்தான்.

தொழிலாளர் கேம்ப் ஆட்களுக்கு டூட்டி சார்ட் போடும் மென்பொருள் அது. எழுதியது எங்கள் சென்னைத் தலைமை அலுவலகம். அவர்களுக்கு ஞாயிறு லீவு, அதனால் உலகத்துக்கே ஞாயிறு லீவு. தோஹாவில் வார லீவு வெள்ளிதான்; ஆனால் முதல் சார்ட்டிலேயே வெள்ளிக்கிழமை டூட்டி என்று வந்தது. ஃபோர்மேன் "பேப்பர்ல இருக்குல்ல, யல்லா, கெளம்புங்க" என்று எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஞாயிறன்று சைட் வழக்கம்போல் ஓடியது, அன்றைக்கும் விடவில்லை.

நஜ்மா பகுதி மளிகைக் கடையில், கேம்பில் இருக்கும் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "துணி தொவைக்க, பிள்ளைகளோட போன்ல பேச அந்த ஒரு நாளுதான்ம்மா. அதையும் கம்ப்யூட்டர் எடுத்துக்கிருச்சா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சென்னைக்கு எழுதினால் "அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம்" என்றார்கள். திருத்தத்தை கமிட் செய்து எல்லோருக்குமான பிரதியில் சேர்க்க எனக்கு அனுமதி இல்லை. போங்கடா என்று என் கம்ப்யூட்டரில் மட்டும் அந்த லீவு வரியை வெள்ளி என்று மாற்றினேன். கேம்புக்கு சார்ட் போவது அதிலிருந்துதான்.

அடுத்த வெர்ஷன் வந்தது. அதிலும் ஞாயிறு. டீம் லீட் போனில் கூப்பிட்டார்.

"கமிட் பண்ணாத லோக்கல் சேஞ்ச் எல்லாம் குப்பைம்மா. மொத்தமா ரிவெர்ட் பண்ணி, நீ மாத்தினத அழிச்சுப் பழையபடி ஆக்கிட்டு க்ளீனா அப்டேட் எடு."

"சார், உங்களுக்கு என்னைக்கு லீவு?"

"ஏன், ஞாயித்துக்கிழமை."

"இந்த ஞாயிறு ஆபீஸ் வாங்க. அடுத்த ஞாயிறும் வாங்க. நான் ரிவெர்ட் பண்றேன்."

போனை வைத்துவிட்டார். நான் என் கோப்பை வேறொரு இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, ரிவெர்ட் செய்யாமலே அப்டேட் கொடுத்தேன். நினைத்தபடியே அந்த வரியில் இரண்டு வெர்ஷனும் முட்டிக்கொண்டன: திரையில் மேலே என் வெள்ளி, கீழே அவர்கள் ஞாயிறு. அவர்களுடைய மற்ற திருத்தங்களையெல்லாம் மரியாதையாக ஏற்றுக்கொண்டேன். ஞாயிறை அழித்தேன்.

நான் அங்கிருந்தவரை ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இதே கூத்துதான். அனுமதியும் வரவில்லை, நானும் விடவில்லை.

வேலையை விட்ட அன்று, என் இடத்துக்கு வந்த பெண் திரையைப் பார்த்துக் கேட்டாள்: "அக்கா, இங்க ஒரு வரி கமிட் ஆகாம இருக்கே, ரிவெர்ட் பண்ணிரவா?"

"கைய ஒடிச்சிருவேன்" என்றேன். பிறகு அவளை உட்காரவைத்து, அது யாருடைய வெள்ளிக்கிழமை என்று சொன்னேன்.