சத்தம் போடாத கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை நான் ஒருநாளும் விரும்பியதில்லை. ஃப்ரேசர் டவுனில் சின்ன வீடு. அதில் காற்று வரும் ஒரே ஜன்னலோரத்தை அது பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மகள் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. அவள் படித்து முடித்து, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குப் போய், கல்யாணமாகி, ஹெப்பகோடியில் குடித்தனம் வைத்த பிறகும் அது மட்டும் எங்களோடு தங்கிவிட்டது. அதைத் துடைப்பது என் வேலை. அதன்முன் உட்காருவது என் கணவரின் வேலை.

அவர் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவர். ஆங்கிலமோ தமிழோ, விரலைப் பார்க்காமல் அடிப்பார். ஓய்வு பெற்ற மாதமே எங்கள் பங்குக் கோயிலில் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். ஞாயிறு காலைத் தமிழ்ப் பூசைக்கு ஒரு தாள் அடிக்க வேண்டும். வாசகங்கள், பாட்டுகளின் பட்டியல், கடைசியில் அந்த வாரத்துப் பூசைக் கருத்துகள். இறந்துபோன தகப்பனுக்கோ பிள்ளைக்கோ பூசை வைத்தவர்கள், தாளை வாங்கியதும் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்தக் கடைசிப் பகுதியைத்தான். பெயர் அங்கே இல்லாவிட்டால், பீடத்திலிருந்து சாமியார் வாசித்தாலும் அவர்களுக்கு மனசு ஆறாது. அதனால் ஜனங்கள் வியாழக்கிழமை வரை எங்கள் வீட்டுக்கு போன் செய்து பெயர் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்; எந்த வாசகம், எந்தப் பாட்டு என்பதும் கோயிலிலிருந்து போனில்தான் வரும். அவர் எதையும் குறித்துக்கொள்ள மாட்டார். "எழுதி வெச்சா மறந்துடும்" என்பார். தலைக்கனம் என்று நான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அடிப்பார். அடித்து முடித்ததும் ஒரு பிரதி எடுத்து என்னிடம் நீட்டுவார். நான் அதை முதலிலிருந்து கடைசி வரை உரக்க வாசிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். பிழை கண்டால் சும்மா இருக்க மாட்டேன். "என் தப்பு என் கண்ணுல படாது, நீ வாசி" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பக்தியாக்கும் என்று நினைத்துக்கொள்வேன். பிழை இருந்தால் எந்த வரி, எத்தனையாவது சொல் என்று கேட்டுத் திருத்துவார். இப்படித்தான் எங்கள் வெள்ளிக்கிழமைகள் நடந்தன. வேறு எதிலும் அவர் என் குரலை அவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டதில்லை.

அவருக்குக் கண்ணில் நீரழுத்தம் உண்டு என்பது தெரிந்ததுதான். காலையும் இரவும் சொட்டு மருந்து விட்டுக்கொள்வார். பக்கவாட்டில் பார்வை குறைந்திருக்கிறது, நேராகப் பார்க்கிறது நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். பிறகு ஸ்கூட்டரை விற்றார், டிராஃபிக் பிடிக்கவில்லையாம். பேப்பரை நிறுத்தினார், எல்லாம் பொய்யாம். எனக்கும் அந்த இரண்டிலும் அதே அபிப்பிராயம் என்பதால் மேலே கேட்கவில்லை.

போன வருடம் மழைக்காலத்தில் கம்ப்யூட்டர் படுத்த ஆரம்பித்தது. பொத்தானை அமுக்கிவிட்டு நான் காபி போட்டுக் குடித்து முடித்தாலும் அது கண் திறக்காது. உள்ளே ஹார்ட் டிஸ்க் மட்டும், மூடிய சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி, கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பாதித் தாளில் நின்றது, நின்றதுதான். அடித்தது எல்லாம் போயிற்று. மறுபடி உட்கார்ந்தார், மறுபடி நின்றது. அந்த ஞாயிறு தாள் இல்லாமலே பூசை நடந்தது. முடிந்ததும் சாமியார், இளவயசுக்காரர், நல்லவர், என் கணவரின் தோளில் கை போட்டுச் சொன்னார்: "நீங்க எதுக்கு அங்கிள் கஷ்டப்படணும்? பசங்க கிட்ட சொன்னா வாட்ஸப்புல போட்டுடுவாங்க."

வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. அந்தத் தாள் போனால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது என்று நான் முதன்முதலாக யோசித்தது அன்றைக்குத்தான். யோசித்ததும் பயமாக இருந்தது.

மகள் வந்தாள். மாற்றிவிடலாம் என்று ஒரே வார்த்தையில் முடித்தாள்.

"டாடி, இது மியூசியத்துக்குப் போகவேண்டிய மெஷின். புதுசா நான் வாங்கித் தர்றேன். சின்னதா, அழகா இருக்கும். மம்மிக்கும் ஜன்னல் கிடைக்கும்."

"என் தமிழ் ஃபாண்ட் அதுல வராது" என்றார்.

"இப்ப யாரு டாடி அந்த ஃபாண்ட்ல அடிக்கிறா? வேற கத்துக்கலாம்."

"இந்த மெஷினுக்கு என்ன கேடு இப்போ?"

கேடு என்ன என்று தெரிந்துகொண்டே கேட்கிறாரே என்று எனக்கு எரிச்சல். ஆனால் அவர் கை அந்த கீபோர்டின் மேலேயே இருந்தது. எழுத்தெல்லாம் தேய்ந்து, வெறும் கறுப்புக் கட்டைகளாகிவிட்ட கீபோர்டு அது. நானே நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னேன். மெஷின் அப்படியே இருக்கட்டும். உள்ளே இருக்கிறதை மட்டும் மாற்றலாம். இரண்டு பேரும் சரி என்றார்கள். வீட்டில் ஒரு சண்டையைத் தீர்த்து வைத்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எஸ்.பி. ரோட்டில் கடை வைத்திருக்கும் ஒருவர் வீட்டுக்கே வந்தார். கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து வந்த தூசியைப் பார்த்து என் முகத்தைப் பார்த்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"ஆண்ட்டி, டிஸ்க் முடிஞ்சு போச்சு. எஸ்எஸ்டின்னு புது டிஸ்க் போட்டு, ராம் ஸ்வல்ப ஜாஸ்தி பண்ணிட்டா ஜம்முனு ஓடும். உள்ள இருக்கறது எல்லாம் அப்படியே மாத்திக் கொடுத்துடறேன்."

என் கணவர் இரண்டு விஷயம் கேட்டார். கீபோர்டைத் தொடக்கூடாது என்பது ஒன்று. மற்றது, "புது டிஸ்க் சத்தம் போடுமா?"

"சுத்தமா போடாது அங்கிள்! ஃபேனும் புதுசு போடறேன். ஓடுதான்னே தெரியாது."

கடைக்காரர் சந்தோஷமாகச் சொன்னார். நானும் மகளும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டோம். என் கணவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை. குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, ஆபீசுக்குப் போகிறவர்போல வந்து உட்கார்ந்தார். நான் காபியோடு பின்னால் வந்துகொண்டிருந்தேன். பொத்தானை அமுக்கினார். மளமளவென்று திரை வெளிச்சமாகி, மகள் சின்ன வயதில் கோயிலில் புதுநன்மை வாங்கிய அன்று வெள்ளை கவுனில் எடுத்த படம் வந்தது. வருடக்கணக்காக அந்தத் திரையில் இருக்கும் படம். இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதே என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவர் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு கையை நீட்டித் தடவி, பொத்தானை மறுபடி அமுக்கினார். படம் போயிற்று. திரை இருண்டது.

ஏதோ சரிசெய்கிறார் என்று நினைத்து நின்றேன். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். வழக்கமாகப் பழைய தாளைத் திறக்கிற கட்டைகளைத் தட்டினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார்.

இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு அடித்தார். விரல்கள் ஓடின. முதல் வாசகம், பதிலுரைப் பாடல், இரண்டாம் வாசகம். பூசைக் கருத்துகள் வந்ததும் ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடித்தார். அவற்றில் சிலரை எனக்கும் தெரியும். அவர்களுடைய அடக்கத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போயிருக்கிறோம். கையிலிருந்த காபி ஆறி ஏடு படிந்துவிட்டது. எனக்கு நகரத் தெரியவில்லை. கூப்பிடவும் தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருப்பது என்னவென்று தெரிந்துவிட்டது. தெரிந்ததை உள்ளே விடத்தான் மனசு மறுத்தது.

கடைசிக் கட்டையைத் தட்டிவிட்டுப் பிரிண்டர் பக்கம் காதைத் திருப்பினார்.

"பிரிண்டர்ல பேப்பர் இருக்கா பாரு."

நான் பதில் சொல்லாததால் திரும்பினார். என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, அலமாரியைப் பார்த்து, "இருக்கியா?" என்றார்.

"மெஷின் ஆன்லயே இல்லீங்க" என்றேன்.

கை கீபோர்டின் மேல் அப்படியே நின்றது.

"எப்பலேர்ந்து?"

"நீங்க ஆரம்பிச்சதுலேர்ந்து."

ஜன்னலுக்கு வெளியே கொத்துமல்லிக்காரர் கூவிக்கொண்டு போனார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அழுகை இல்லை. "எத்தனை நாளா இப்படி?" என்று கத்தினேன். வகுப்பில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை.

"கல்யாண ஆல்பம் வந்தப்பவே" என்றார்.

மகளின் கல்யாண ஆல்பம். என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாரே! நான் இது யார், அது யார் என்று சொல்லச் சொல்ல, "ஆமா, நல்லா வந்திருக்கா" என்று சொன்னாரே! நான் மட்டும் பார்த்த ஆல்பத்தை நாங்கள் இரண்டு பேரும் பார்த்ததாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அழுதேன்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா தாளை எடுத்துடுவாங்க. அப்புறம் வெள்ளிக்கிழமை எனக்கு எதுக்கு?" கொஞ்சம் பொறுத்து, குரலை இறக்கிச் சொன்னார்: "டிஸ்க் சத்தம் இருந்துச்சு இல்ல, அதை வெச்சு ஓட்டிட்டேன். திறக்கிறப்ப ஒரு மாதிரி, சேவ் ஆகறப்ப ஒரு மாதிரி. நின்னா முடிஞ்சதுன்னு அர்த்தம். மத்ததை நீ வாசிச்சே."

பிழைக்காக நான் வாசித்துக்கொண்டிருக்கவில்லை. அவர் தன் தாளைப் படித்ததே என் வாயால்தான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டரை நானே போட்டேன். பழைய தாளைத் திறக்கிற கட்டைகளை அவர் தட்டினார். திரையைப் பார்த்து "ம்" என்றேன். அடித்தார். சேவ் செய்தார். மறுபடி "ம்" என்றேன். அன்று அந்த டிஸ்க்கின் வேலையை நான் செய்தேன். ஞாயிறு காலை தாள் கோயிலில் இருந்தது. ஜனங்கள் வாங்கியதும் கடைசிப் பகுதியைத் திருப்பிப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த என்னால் அன்று ஒரு பாட்டும் பாட முடியவில்லை.

அந்த வாரம் டாக்டரிடம் நானே கூட்டிப் போனேன். போனது திரும்பாது என்றார். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியுமாம். மகளுக்கு போனில் சொன்னேன். அவள் அழுதுவிட்டு, பேசுகிற கம்ப்யூட்டர் இருக்கிறது, எழுத்தை அதுவே வாசிக்கும், வாங்கிவிடலாம் என்றாள். அவரிடம் கேட்டேன். "அது என் பழைய ஃபாண்டை வாசிக்குமா?" என்றார். வாசிக்காது, புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். "கத்துக்கறேன். ஆனா இதை நிறுத்திட்டு இல்ல" என்றார்.

கடைக்காரர் மறுபடி வந்தார். பழைய டிஸ்க்கைத் திரும்பப் போட வேண்டும் என்று நான் சொன்னதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சத்தம் போடாததில் என்ன குறை என்று அவருக்குப் புரியவில்லை. காரணத்தை நான் சொல்வதா, என் கணவர் சொல்வதா என்று தெரியாமல் நின்றேன்.

"எனக்குக் கண்ணு தெரியாதுப்பா. சத்தம் வேணும்" என்றார் என் கணவர்.

அதை அவர் வெளியாள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். கடைக்காரர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

"அது எப்ப வேணும்னாலும் போயிடும் அங்கிள்" என்றார், மெதுவாக. கொஞ்சம் யோசித்து அவரே சொன்னார்: இரண்டும் இருக்கட்டும். மெஷின் புது டிஸ்க்கில் ஓடட்டும். தாளைத் திறப்பதும் சேவ் பண்ணுவதும் பழையதில் நடக்கட்டும். ஒரு நகல் புதியதிலும் போய் உட்காரட்டும். பழையது உயிரோடு இருக்கிற வரை சத்தம் போடும்.

மாட்டி முடித்துப் போட்டுக் காட்டினார். தாள் திறந்தபோது கடுகு வெடித்தது. என் கணவரின் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை நான் பார்த்தேன். அவ்வளவு நாள் நான் திட்டிக்கொண்டிருந்த சத்தம் அது.

"அப்புறம் அந்த மானிட்டரைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுப்பா" என்றார். "எனக்கு எதுக்கு அது? இவளுக்கு ஜன்னல் வேணுமாம்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

"அது இருக்கட்டும்" என்றேன்.

"யாருக்கு?"

"எனக்கு."

என் கணவர் கையை நீட்டி, திரையின் விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்தார். இரண்டு கையாலும் பிடித்து, என் குரல் வந்த பக்கமாகத் திருப்பி வைத்தார். கொஞ்சம் அதிகமாகவே திருப்பிவிட்டார். திரை என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தது. நான் என் நாற்காலியை அங்கே நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.