டெல்மரின் முறை

வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்குக் கர்ணனின் அழைப்பு வந்தது. ஜோதிலட்சுமி அப்போது சுருளிப்பட்டிக்கு மேற்கே ஒரு திராட்சைப் பந்தலுக்கு அடியில், காலிப் பழக்கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பழம் வெட்டும் கத்தரி மடியில் கிடந்தது. இடது கையில் நாள்காட்டியிலிருந்து கிழித்த ஒரு தாள், வலது கையில் செல்போன். தாளின் பின்புறத்தில் அவள் கணவன் ஈஸ்வரபாண்டி எழுதிக் கொடுத்த ஒன்பது பெயர்களை ஒவ்வொன்றாகப் போனில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்குள் ஏற்றியாக வேண்டும். அதற்கு மேல் அந்தப் பக்கம் பூட்டிக்கொள்ளும்.

கர்ணன் அவளுடைய தம்பி, ஆட்டோ ஓட்டுகிறவன். அன்று இருட்டோடு மச்சானை டயாலிசிஸுக்காகத் தேனிக்குக் கூட்டிப் போயிருந்தான்.

“அக்கா, எங்கன இருக்க?”

“பந்தல்லதான்.”

“கூட யாரு இருக்கா?”

இரண்டாவது கேள்வியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூட ஆள் இருக்கிறதா என்று கர்ணன் இதற்கு முன் அவளிடம் கேட்டதே இல்லை.

ஈஸ்வரபாண்டிக்கு நாற்பத்தொரு வயது. கட்டையான, அகலமான உடம்பு. உத்தமபாளையத்தில் கல்லூரியில் படித்த காலத்தில் அந்த உடம்பைப் பார்த்துத்தான் விளையாட்டு ஆசிரியர் அவனைப் பேஸ்பால் அணியில் சேர்த்தார். கபடிக்கும் வாலிபாலுக்கும் எடுத்தது போக மிஞ்சிய பையன்களை வைத்து அவர் உண்டாக்கிய அணி அது. மொத்த அணிக்கும் இரண்டே ஹெல்மெட். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சராக மூன்று வருடம் ஆடினான். இரண்டு தடவை மண்டலப் போட்டிக்குப் போய் இரண்டு தடவையும் முதல் நாளே திரும்பி வந்தார்கள். அதன் பிறகு இருபது வருடம் அவன் பேஸ்பால் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அப்பாவின் திராட்சைத் தோட்டம், கொடிக் கவாத்து, மருந்தடிப்பு, வெட்டு என்று போனது. முப்பத்தொன்பதில் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. தோட்டம் குத்தகைக்குப் போனது. ஜோதிலட்சுமி அடுத்தவர் பந்தலுக்குப் பழம் வெட்டப் போனாள்.

செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மற்ற நாட்களில் படுத்துக் கிடந்தபோதுதான் அவன் போனில் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தான். ஆள்கள் ஆடாத பேஸ்பால் அது. கணினியே வீரர்களைப் பிறப்பித்து, அவர்களுக்குப் பெயரும் வயதும் கைவாகும் கொடுத்து, நம் ஊர் நேரப்படி தினமும் பதினொன்றரை மணிக்கு எல்லா ஆட்டத்தையும் தானே ஆடி முடித்து, நடந்ததை வரிவரியாக எழுதிக் காட்டும். பதினாறு அணிகள், பல தேசங்களில் பதினாறு சொந்தக்காரர்கள். இன்றைக்கு யார் ஆடுவது, எந்த வரிசையில், யார் பந்து எறிவது என்று முடிவு செய்வது மட்டும் அவர்கள் வேலை. அவன் தன் அணிக்கு ஊர்ப்பெயரைச் சேர்த்துச் சுருளி மந்திகள் என்று பெயர் வைத்தான். சுருளி என்பது குரங்கில் ஒரு சாதி போலிருக்கிறது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவன் திருத்தவில்லை.

வீட்டில் இருந்த நல்ல போன் ஒன்றுதான். அதை ஜோதிலட்சுமியிடம் கொடுத்துவிட்டு, பட்டன் போனோடு ஆஸ்பத்திரிக்குப் போவான். அங்கே ஒரு கையில் இரண்டு ஊசி, மறு கையில் ரத்த அழுத்தப் பட்டை. எதிரணியில் எறியப் போவது இடக்கைக்காரனா வலக்கைக்காரனா என்பது காலை ஒன்பதுக்குத்தான் தெரியும். அதனால் முந்தின நாளே இரண்டு தாள் எழுதி வைத்துவிடுவான். ஒன்பது மணிக்குப் பார்த்து, எது பொருந்துமோ அந்தத் தாளை அவள் ஏற்ற வேண்டும்.

அவளுக்கு ஆட்டம் புரியாது. பந்து எறிகிறவர்கள் மட்டும் புரிந்தார்கள். அந்த ஐந்து பேரும் நம் கிணற்றுப் பங்கு மாதிரி, ஆளுக்கு ஒரு நாள், ஐந்தாம் நாள் திரும்ப முறை வரும் என்று அவன் ஒருநாள் சொல்லியிருந்தான். மாமனார் காலத்துக் கூட்டுக் கிணற்றில் ஐந்து பங்கு உண்டு. அதை வைத்துச் சொன்னதும் சட்டென்று பிடித்துக்கொண்டாள். அவன் சொன்னதைவிடக் கூடுதலாகவே பிடித்துக்கொண்டாள். பிஞ்சு பிடிக்கும் நேரத்தில் கொடி வாடினால், பங்காளி சின்னக்கருப்பு வீட்டுக்குப் போய் அவருடைய நாளை இவர்கள் வாங்கிக்கொள்வதும், பின்னால் தங்கள் நாளைத் திருப்பிக் கொடுப்பதும் வழக்கம். முறை என்றால் மாற்றிக்கொள்ளக் கூடியதுதான் என்பது அவள் கண்டு பழகியது.

ஐந்து பேரில் கெட்டிக்காரன் டெல்மர் என்கிற இடக்கைக்காரன். அவன் எறிந்த நாளெல்லாம் பெரும்பாலும் ஜெயம்தான். நாலு நாள் சும்மா உட்கார்ந்திருக்கிறானே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருக்கும்.

சித்திரைக் கடைசியில் ஈஸ்வரபாண்டி ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தினான். இரண்டு முறை தொடர்ந்து போகவில்லை. மூச்சு முட்டி, கால் வீங்கி, ஆம்புலன்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அஞ்சு நாள் இடைவெளி விடவே கூடாது, உப்பு ஏறி நெஞ்சு நின்றுவிடும் என்று டாக்டர் அவளை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகு ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டாள். அலுத்துப்போனது என்றான்.

அந்த வாரம்தான் புது சீசன் தொடங்கியது. நூற்றிருபது நாள், நூற்றிருபது ஆட்டம். அவன் எழுந்து உட்கார்ந்து பேசும் ஒரே விஷயம் அது என்பதால் அதையே அவள் பிடித்தாள்.

“இந்த சீசன் முடியிற வரைக்குமாச்சும் தவறாமப் போங்க மாமா.”

“போறேன். ஆனா கடைசி எடத்துக்குப் போயிட்டோம்னு வையி, அப்பறம் என்னய எழுப்பக் கூடாது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவள் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நூற்றிருபதுக்குள் வேறு ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்தாள்.

ஐம்பதாவது ஆட்டம் வரை மந்திகள் ஐந்தாம் இடத்தில் இருந்தார்கள். அப்புறம் நன்றாக அடிக்கிற ஒருவனுக்குத் தொடைத் தசை கிழிந்தது என்று மெஷின் எழுதியது. அவனோடு போனது அணியின் தெம்பு. தொடர்ந்து தோல்வி. ஒன்பது, பன்னிரண்டு, பதினான்கு என்று கீழே இறங்கி, ஆடி பிறந்த வாரம் பதினைந்தாம் இடத்தில் நின்றார்கள். அவள் பந்தலில் பழம் வெட்டும்போதும் அந்த எண்ணையே நினைத்துக்கொண்டிருந்தாள். கூட வெட்டும் முத்துலட்சுமி, “போன்ல அப்பிடி என்னடி பாக்குற, புருசனுக்குன்னு சொல்லிட்டு?” என்று கிண்டல் செய்தாள். பதினாறாம் இடம் என்றால் என்ன என்பதை முத்துலட்சுமிக்கு எப்படிச் சொல்வது?

அந்த வார வியாழக்கிழமை தாளில் எழுதியிருந்தது பெனிட்டஸ் என்கிற வயதான ஆள். டெல்மர் செவ்வாய்க்கிழமைதான் எறிந்திருந்தான். பெனிட்டஸ் கடைசி மூன்று தடவையும் தோற்றவன். அவள் சற்று நேரம் தாளைப் பார்த்தாள். பிறகு டெல்மரைப் போட்டாள். சிவப்பு எழுத்தில் ஏதோ எச்சரிக்கை வந்தது. போன் எதற்குத்தான் எச்சரிக்கவில்லை? சரி என்று அமுக்கினாள். நாலுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள்.

மதியம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்தவன் சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தான். சின்னக்கருப்புச் சித்தப்பாவிடம் கேட்டு முறை மாத்தினாயா என்று கேலி செய்தான். பிறகு படுக்கும்போது, இனிமேல் கேட்காமல் அதைத் தொடாதே என்றான். தலையாட்டினாள்.

சனிக்கிழமை ஆட்டம் பதினாறாம் இடத்தில் இருந்த அணியோடு. தோற்றால் அந்த இடத்துக்கு இவர்கள் போவார்கள். தாளில் வேறொருவன் பெயர் இருந்தது. ஒரு நாள் மாற்றியதில் ஒன்றும் கெட்டுப்போகவில்லையே. மறுபடியும் டெல்மரைப் போட்டாள். மறுபடியும் சிவப்பு எழுத்து வந்தது, மறுபடியும் சரி என்று அமுக்கினாள்.

ஆட்டத்தின் மூன்றாவது பகுதியில் அந்த வரி வந்தது. டெல்மர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறான். அதன் கீழே இன்னொரு வரி: முழங்கைத் தசைநார் அறுந்தது, இந்த சீசனில் இனி ஆட மாட்டான். ஏழுக்கு இரண்டு என்று தோற்றார்கள்.

அவன் வந்து படித்தான். மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை படித்தான். திட்டுவான் என்று அவள் சமையல்கட்டு வாசலிலேயே நின்றாள்.

“கெணத்துல முறைய மாத்துனா தண்ணி ஒண்ணும் சொல்லாது. இது கை, புள்ள. நோகும்.”

“மிஷின்ல இருக்கிற ஆளுதான மாமா.”

“நானும் மிஷின்லதான இருக்கேன்.”

கோபமில்லாமல் சொன்னான். அதற்கப்புறம் ஞாயிறும் திங்களும் போனைத் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை மூன்றரைக்கு அவள் எழுப்பினாள். இன்றைக்கு வேண்டாம் என்றான். வழக்கமாக இந்த இடத்தில் அவள் விட மாட்டாள். போர்வையை இழுப்பாள், ஏசுவாள், அழுவாள், ‘டேய் கர்ணா, உள்ள வந்து தூக்குடா’ என்று தம்பியைக் கூப்பிடுவாள். இரண்டு வருடமாக அப்படித்தான் அவனைத் தேனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அன்று சுடுதண்ணீர்ச் செம்போடு கட்டில் ஓரம் நின்றாள். கடைசி இடம் என்று அவன் சொல்லிக் காட்டவில்லை. டெல்மரின் கையைப் பற்றியும் பேசவில்லை. ஆனால் அவளுக்கு வாய் வரவில்லை. நோகிற ஒன்றை நோகிறதென்று தெரியாமல் இழுத்தவள் என்று தன்னைப் பற்றியே ஒரு எண்ணம் வந்துவிட்டது.

“சரி மாமா. வியாழக்கெழம போலாம்,” என்றாள்.

வெளியே வந்து கர்ணனைத் திருப்பி அனுப்பினாள். டாக்டர் சொன்னதை மறந்துவிட்டாயா என்று அவன் கேட்டான். மறக்கவில்லை. சனியிலிருந்து வியாழன் வரை ஐந்து நாள் என்று விரல் மடக்கி எண்ணியிருந்தாள். ஒரு தடவைதானே என்றாள்.

புதன்கிழமை அவன் தானாகவே எழுந்து போனைக் கேட்டான். கணுக்கால் வீங்கியிருந்தது. இரண்டு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. மதியம் முழுக்கத் தேடி, கீழ்நிலை அணியில் யாரும் கவனிக்காமல் கிடந்த ஒரு பத்தொன்பது வயதுப் பையனை மேலே கொண்டுவந்தான். டெல்மருடைய இடத்துக்கு அவன். நூற்றிருபதில் இன்னும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சமிருக்கிறது, பதிமூன்றாம் இடத்துக்காவது ஏறிவிடலாம் என்று அவளுக்கு விளக்கினான். நாள்காட்டியில் கிழித்து வைத்த தாள்களை எடுத்து இரண்டு பட்டியல் எழுதினான். கையெழுத்து கோணிக்கொண்டு போனது.

“நாளைக்குப் போறேன். நேரத்தோட எழுப்பிவிடு. ஒம்போது மணிக்குப் பாத்துட்டு ஏத்திரு. முறைய மாத்தாத.”

இரண்டு வருடத்தில் அவன் தானாகச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போன நாள் அது ஒன்றுதான். அவளுக்கு அவ்வளவு நிம்மதி. மூன்று மணிக்கே எழுந்து இட்லி ஊற்றினாள். ஆட்டோவில் ஏறும்போது படியில் கால் தூக்க முடியாமல் கர்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டான். அதைப் பார்த்தும், போய் வந்தால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தாள்.

நடந்ததைக் கர்ணன் பிறகு கோர்வையில்லாமல் சொன்னான். இடைவெளி விட்டதால் முதலில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வந்ததும் நர்ஸுகள் ஓடினார்கள். “ஏன் இத்தன நாளு விட்டீகன்னு டாக்டரு கேட்டாகக்கா. நான் என்னத்தச் சொல்ல?” பத்தரைக்கு ஊசி போட்டு மெஷினில் இணைத்தார்கள். இருபது நிமிடம்கூட ஓடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்ற கர்ணன், மச்சான் தூங்குகிறார் என்று முதலில் நினைத்திருக்கிறான்.

நாலு மணிக்கு உடம்பு வீட்டுக்கு வந்தது. அதற்குள் முத்துலட்சுமி அவளைப் பந்தலிலிருந்து கூட்டி வந்து, கையிலிருந்த போனை வாங்கி அலமாரியில் வைத்திருந்தாள். கத்தரியைப் பந்தல்காரர் கொண்டுவந்து கொடுத்தார். நாள்காட்டித் தாளை மட்டும் அவள் யாரிடமும் தரவில்லை. மறுநாள் உடம்பை எரித்துவிட்டு ஆண்கள் திரும்பி வந்த பிறகும் அது அவளுடைய உள்ளங்கையில்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமையைப் பற்றி ஊரில் யாரும் அவளிடம் கேட்கவில்லை. கர்ணனும் அதற்கப்புறம் அதைப் பேசவில்லை. அவள் மட்டும், போர்வையை இழுத்திருக்கலாம் என்று ஒரு தடவை முத்துலட்சுமியிடம் சொன்னாள். அது எந்தப் போர்வை என்று முத்துலட்சுமிக்குத் தெரியாது.

வியாழக்கிழமை ஆட்டத்தை மெஷின் தானே ஆள் போட்டு ஆடி முடித்திருந்தது. முடிவை அவள் பார்க்கவில்லை. தாளில் ஒன்பது பெயர்கள் இருந்தன. ஆறு பெயர்களைப் போனில் ஏற்றியிருந்தாள். ஏழாவது பெயரில் மூன்று எழுத்துகள் வரை அடித்திருந்தாள்.