சாம்பல் தொட்டு முறுக்கிய இயர்போன்

என் தங்கை தேவகி தன் கணவரைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். சோறு ஆனதும் தட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் ணங்கென்று வைப்பாள், அவ்வளவுதான். "இருவது வருஷமா கூப்ட்டுப் பாத்துட்டேண்ணா. அவருக்கு நான் ஒரு ஆளே இல்ல" என்று என்னிடம் சொன்னபோது அவள் அழக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஆரணியில் பாதிப் பேருக்கு அது தெரியும்.

மாப்பிள்ளை பரசுராமனுக்குப் பாவு பிணைக்கிற வேலை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை தீர்ந்ததும் பழைய இழையின் நுனியோடு புது இழையைச் சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டு முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றுகூட விடுபடக் கூடாது. விசைத்தறிக் கொட்டகையில் ஒரு தறி நின்றால் மற்றவை நிற்குமா? அந்தத் தடதடப்புக்கு நடுவில்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். வேலை முடிந்தால் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சைக்கிளை மிதிப்பார். தேவகிக்கு அந்த இயர்போனைக் கண்டாலே ஆகாது.

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மனிதர் வாசலில் குந்திக்கொண்டிருந்தார். இயர்போன் ஒயர் சைக்கிள் ஹேண்டில் பாரில் மாட்டி அறுந்துவிட்டதாம். பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் சாம்பல். தலைமுடி போன்ற அந்தக் கம்பிகளைப் பிரித்து, சாம்பல் தொட்டு, பட்டு இழையைப்போலவே ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு இழுத்துக் காட்டினார். பிரியவில்லை. காதில் வைத்தார், போனைத் தட்டினார், மறுபடி தட்டினார்.

"ஒண்ணுமே வரல மச்சான்."

"யோவ் மாப்ளே, அது பட்டா? கம்பிய்யா. சாம்பல் வெச்சா பாடுமா?"

திட்ட வந்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகமோ செத்துப்போயிருந்தது. சரி, திட்டுவதைப் போகிற வழியில் வைத்துக்கொள்ளலாம் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு பஜாருக்குப் போனேன்.

கடைக்காரர் பிரவீண் பழைய மாதிரியை எடுக்கவே இல்லை. "இதப் பாருங்கண்ணே, காதுக்குள்ள சொருகுறது. ரப்பர் வெச்சிருக்கு, வெளிச் சத்தம் உள்ள வராது. சவுண்டு கம்மியா வெச்சாலே போதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏற்கெனவே பெண்டாட்டி குரல் ஏறாத காது, அதில் ரப்பர் வேறு அடைக்க வேண்டுமா?

மாப்பிள்ளை முதல் ஜோடியைப் போட்டுப் பார்த்துக் கழற்றினார். "இடிதான் இடிக்குது. ஆள் கொரல் எங்கியோ கெணத்துக்குள்ள இருக்குது." இரண்டாவது காதில் நிற்காமல் நழுவியது. பிரவீண் சின்ன ரப்பராக மாற்றிக் கொடுத்தார்.

"அப்படி இன்னா பாட்டுய்யா கேக்குற, தெனம்?" என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினேன்.

"தேவகி பாடினதுதான் மச்சான். பொங்கலுக்கு பானுப்ரியா போன்ல புடிச்சிக் குடுத்துட்டுப் போச்சி. முள்ளிப்பட்டுல வூடு போய்ச் சேர்ற வரைக்கும் இதான்."

பானுப்ரியா அவர்கள் மகள், வேலூரில் படிக்கிறாள். நான் இத்தனை நாள் ஏதோ சினிமாப் பாட்டு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

மாப்பிள்ளை பாட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் சிரிப்பு மெல்ல வந்தது, பிறகு போயே போய்விட்டது. பட்டனை அழுத்திக் கடைசிப் பகுதியை மறுபடி ஓடவிட்டார். ஒரு பக்கத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

ராட்டை சுற்றுகிற சத்தத்தோடு தங்கையின் பாட்டு, அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பாட்டு முடிந்தது. "ஏங்க" என்றாள். சற்று விட்டு, "ஏங்க." பிறகு இன்னும் உரக்க, "ஏங்க." பதில் இல்லை. அப்புறம் தணிந்த குரலில் மகளிடம், "பாத்தியாடி? திரும்பிக்கூடப் பாக்கல." அதோடு முடிந்தது.

"நான் அங்கதான் மச்சான் உக்காந்துகினு இருந்தேன். ரெண்டடி தள்ளி" என்றார் மாப்பிள்ளை. "சத்தியமா எனக்குக் கேக்கல. பழைய இயர்போன்லகூட இந்தக் கடைசி கேட்டதில்ல. ரொம்ப நாளாவே சரியா கேக்கல. செவிடன்னு தெரிஞ்சா எவன் வேலைக்குக் கூப்புடுவான்னு தலைய ஆட்டிகினே ஓட்டிட்டேன்."

கடை என்றும் பாராமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த மனிதரையா கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்தோம்? அந்த ஜோடியையே வாங்கிக்கொண்டோம்.

வீட்டில் தேவகி ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை. மாப்பிள்ளை செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே போய் அவள் முகத்தெதிரே குந்தினார்.

"கூப்ட்டியே தேவகி, இன்னா?"

"நானா? நான் எங்க கூப்ட்டேன்?"

"பொங்கலுக்கு. மூணு வாட்டி கூப்ட்ட. எனக்குக் காது கேக்கல தேவகி. உன்ன மதிக்காம இல்ல, நெசமாவே கேக்கல."

புது இயர்போனை அவள் காதில் அவரே வைத்துவிட்டார். தேவகி தன் குரலைக் கேட்டாள். கேட்டு முடித்த பிறகும் கழற்றவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராட்டை நின்றுவிட்டது.

"இன்னாத்துக்குக் கூப்ட்ட?" என்று அவர் மறுபடி கேட்டார்.

அவர் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னாள். "காப்பி வோணுமான்னு கேட்டிருப்பேன், வேற இன்னா?"

"வோணும்" என்றார் பரசுராமன்.