பொம்மையின் இடுப்புக் கயிறு

நான் தைக்கும் பொம்மை எல்லாவற்றுக்கும் இடுப்பில் ஓர் அரைஞாண் கயிறு இருக்கும். கறுப்புக் கயிறு, அதில் ஒரே ஒரு பாசிமணி. துணியை வெட்டித் தைத்து, இலவம்பஞ்சு அடைத்து, கண்ணும் வாயும் நூலால் போட்டு முடித்த பிறகு கடைசியில்தான் கயிறு. பொம்மையை மடியில் மல்லாத்திப் போட்டு, இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, மூன்று முடிச்சுப் போடுவேன். போடும்போது "நல்லா இரு" என்பேன். வீட்டில் யாராவது இருந்தால்தானே அது காதில் விழுவதற்கு.

திருக்கோகர்ணத்தில் ஒரு மாடிவீட்டின் கீழ்ப்பகுதியில் நான் தனியாகக் குடியிருக்கிறேன். பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த இரண்டும் சேர்ந்துவிட்டால் ஒரு பெண்ணைப் பந்திக்குக் கூப்பிடுவார்கள், தொட்டில் பக்கம் கூப்பிட மாட்டார்கள். யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. "நீங்க உக்காருங்கக்கா, ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பார்கள். எத்தனையோ வீட்டில் பிள்ளைக்குக் கயிறு கட்டும்போது நான் கதவோரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கூடப் பிறந்த தங்கையின் பிள்ளைக்குக்கூட நான் கட்டவில்லை. அதனால் பொம்மைக்குக் கட்டினேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

பேருந்து நிலையத்துப் பக்கம் பொம்மைக்கடை வைத்திருக்கும் பாய்தான் என் பொம்மைகளை வாங்கி விற்பவர். ஒருநாள் நான் பையைத் திறக்கும் முன்பே கையைக் காட்டி நிறுத்தினார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இனிமே முத்திரை இல்லாத பொம்மைய வச்சு விக்க முடியாது. செக்கிங் வர்றாங்க. வெளியூர்ல ஒரு கடையில இருந்ததையெல்லாம் அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்களாம்."

"என்ன முத்திரை?"

"ஐஎஸ்ஐ. குக்கர்ல இருக்குமே, அதேதான்."

"குக்கர் வெடிக்கும் பாய். என் பொம்மை வெடிக்குமா?"

அவர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் அவர் மேல் தப்பில்லை, கடையைக் காப்பாற்ற வேண்டும் அவருக்கு. கையால் செய்கிறவர்கள் கைவினைஞர் என்று பதிந்து கார்டு வாங்கிக்கொண்டால் முத்திரை வேண்டியதில்லையாம், அதற்கு டவுனில் இந்த மாதம் முழுக்க முகாம் போட்டிருக்கிறார்களாம் என்றார். "போய்ப் பொம்மையக் காட்டுங்கக்கா. அவங்க சரின்னுட்டா எத்தனை வேணாலும் கொண்டாங்க."

முகாமில் இருந்த அதிகாரி சின்னப் பெண். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். என் பொம்மையை எடுத்துக் கையை இழுத்தாள், காலை இழுத்தாள், காதைப் பிடித்துத் திருகினாள். ஈரத்துணியை வைத்துத் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்தாள். போகவில்லை. "தையல் ரொம்ப நல்லாருக்குங்கம்மா. கண்ணுக்குப் பட்டன் வைக்காம நூல்ல போட்டிருக்கீங்க, அதான் சரி" என்றாள். நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்புறம் இடுப்புக் கயிற்றுக்குள் விரலை விட்டு வெடுக்கென்று இழுத்தாள். பாசி தனியாகக் கையோடு வந்துவிட்டது. பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்து, அதற்குள் பாசியைப் போட்டாள். டக் என்று அடியில் போய் விழுந்தது.

"இதுக்குள்ள அடங்குற எதுவும் பிள்ளை தொண்டைக்குள்ளயும் போயிரும்மா. சின்னப் பிள்ளைக பொம்மையில இப்படிக் கழண்டு வர்றது எதுவும் இருக்கக் கூடாது. கயிறும் வேணாம், கழுத்துல மாட்டிக்கும்."

"ஏத்தா, ஒங்க வீட்டுப் பிள்ளைக்கெல்லாம் இடுப்புல கயிறு கெடயாதா?"

"இருக்குங்கம்மா. அதப் பாத்துக்கிறதுக்குப் பெத்தவங்க இருப்பாங்க. பொம்மையப் பிள்ளை கையில குடுத்துட்டு அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிருவாங்க. பொம்மைக்கு நீங்கதான் பொறுப்பு."

கயிற்றை எடுத்துவிட்டு ஒன்று தைத்துக்கொண்டு வாருங்கள், எழுதித் தருகிறேன் என்றாள். தன்மையாகத்தான் சொன்னாள். நான்தான் "எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்தேன். டவுன் பஸ்ஸில் வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தேன். கயிறு கட்டக் கூடாதென்றால் அப்புறம் நான் எதற்கு, அதற்கு மெஷின் போதாதா? வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் கட்டிலெல்லாம் பொம்மைகள், எல்லாவற்றின் இடுப்பிலும் கயிறு. தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடினேன். நாலைந்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மேலே மாடியில் இருப்பவர்களின் மருமகள் பிரசவத்துக்குப் போயிருந்த கீரமங்கலத்துத் தாய்வீட்டில் இருந்து பிள்ளையோடு வந்தாள். ஏழு மாதப் பையன், கொழுகொழு என்று இருந்தான். வீட்டுக்கு வந்த அன்று மாமியார் புதுக்கயிறு கட்டினார். அது முடிந்த பிறகு சாப்பிட என்னையும் கூப்பிட்டார்கள். போனேன். பையன் பாயில் உட்கார்ந்து, இடுப்பில் இருந்த பாசியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். கட்டிய முடிச்சு தளர்ந்து கிடந்தது. பாசி கயிற்றின் நுனிக்கு வந்துவிட்டது.

எனக்குக் காதில் அந்த டக் என்ற சத்தம் கேட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அந்தப் பாசி நிக்காதுங்க. கழண்டா வாயில போட்டு முழுங்கிருவான். எடுத்துருங்க."

மாமியார் திரும்பிப் பார்த்தார்.

"நல்ல நாளும் அதுவுமா ஒன் வாயில வேற வார்த்தையே வரலயாத்தா? நாலு பிள்ளை வளத்தவ மாதிரி சொல்ல வந்துட்ட."

வைத்த வடையோடு இலையை அப்படியே மூடிவிட்டு இறங்கி வந்தேன். வந்து கட்டிலில் பொம்மைகளை ஒதுக்கிவிட்டு ஓரமாகப் படுத்து அழுதேன். சமாதானம் சொல்ல ஆள் இல்லாத வீட்டில் அழுகையை நாமேதான் நிறுத்திக்கொள்ள வேண்டும். அதுவும் லேசில் நிற்பதில்லை.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, மத்தியானம். மாமியார் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். மருமகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் வெளிறிக் கிடந்தது.

"அக்கா, பாசி கழண்டுருச்சுக்கா. அவன் வாயில கெடந்துச்சு. வெரல விட்டு எடுத்தேன்."

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பாசி ஈரமாக இருந்தது. பிள்ளை மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் என் கட்டிலில் கிடந்த பொம்மையைப் பார்த்துத் தாவினான். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தேன். கொஞ்சம் ஆசுவாசப்பட்டதும் முந்தானைக்குள் இருந்து கயிற்றை எடுத்தாள்.

"முடிச்சும் அவுந்துபோச்சு. பாசி வேணாம்க்கா. வெறும் கயிற மட்டும் கட்டிவிடுங்க."

"நானா?"

"ஆமாங்கக்கா. பொம்மைக்கெல்லாம் நீங்கதான கட்டுறீங்க. ஒரு முடிச்சாச்சும் அவுந்து நான் பாத்ததில்ல."

மடியில் வாங்கி மல்லாத்திப் போட்டேன். பொம்மை சும்மா கிடக்கும். இவன் எங்கே கிடந்தான்? நெளிந்தான், உதைத்தான், என் மூக்குத்தியைப் பிடிக்க வந்தான். வயிறு சூடாக இருந்தது, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. கயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்து, ஒரு விரல் போகிற மாதிரி இடம் விட்டு, மூன்று முடிச்சுப் போட்டேன். மிச்ச நுனியை ஒட்ட நறுக்கினேன். "நல்லா இரு" என்றேன். சத்தமாகவே சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்து முடிச்சே தெரியவில்லை.

அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"அத்தை கேட்டா நான் கட்டுனேன்னு சொல்லிக்கிறேங்கக்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

"அதுக்கென்னத்தா. போ, பிள்ளைக்குப் பசிக்கும்."

அன்று சாயங்காலம் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பொம்மையாக எடுத்துக் கயிற்றை அறுத்துப் பாசியை ஒரு டப்பாவில் போட்டேன். கயிறு இல்லாத ஒன்றைக் காலையில் முகாமுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த அதிகாரிப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மாடி ஜன்னலில் மாமியார் குரல் கேட்டது.

"யாருடி கயிறக் கட்டுனது? முடிச்சு இம்புட்டு அம்சமா நிக்குது."

கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு அண்ணாந்து காதைக் கொடுத்தேன்.

"நாந்தான் அத்தை."

"பரவால்லயே. இங்கிட்டு வாடா என் தங்கம், அப்பத்தா பாக்குறேன்."

நான் அடுத்த பொம்மையை எடுத்து மடியில் மல்லாத்திப் போட்டு, அதன் கயிற்றை அறுத்தேன்.