கட்டிலுக்கடியில் கிராஷ் பார்

என் கணவர் தேயிலைத் தோட்டத்து ஒஃபிஸில் கிளாக்கர். நான் அடுத்த டிவிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். றக்வானைக்கு மேலே எங்கள் தோட்டத்து ரோட்டில் மாடுகூட வழுக்கும். அந்த ரோட்டுக்கு அவர் தேடிப்பிடித்து வாங்கியது, பந்தயத்துக்குப் போகிறவர்கள் மாதிரி குனிந்துகொண்டு ஓட்டவேண்டிய ஒரு ஜப்பான் பைக். பின்சீட்டில் உட்காரவேண்டியவள் நான். விழுந்தால் பைக் காலில் சாயாமல் தாங்குமே, அந்தக் கம்பி, கிராஷ் பார், அதைப் பூட்டாமல் ஏறமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

கொடகவெலயில் ஒரு கராஜில் பூட்டினார்கள். பளபளவென்று மின்னியது. மாரியம்மன் கோயிலில் பைக்குக்குப் பூசை போட்டபோது பூசாரி கம்பிக்கும் சந்தனம் வைத்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. சந்தனம் வைத்த கம்பியில் சேறு படக்கூடாதாம், கல் தெறிக்கக்கூடாதாம். தோட்டத்து ரோட்டில் போவதென்றால் ஸ்பேனரை எடுத்துக் கழற்றிவிடுவார். இரத்தினபுரிக்குப் போவதென்றால் திரும்பப் பூட்டுவார்.

"தார் ரோட்டுல யாருங்க விழுவாங்க? நம்ம ரோட்டுலதானே விழப்போறோம்" என்று கத்தினேன்.

"டவுன்ல நாலு பேரு பாப்பாங்க டீச்சர். இங்க யாரு பாக்குறா?"

என் வாயை அடைக்க வேண்டுமென்றால்தான் நான் அவருக்கு டீச்சர். ஏறாவிட்டால் மலையை நடந்து ஏறவேண்டும். திட்டிக்கொண்டே தினமும் ஏறினேன்.

மழை விட்ட ஒரு காலை, கொழுந்து அரைக்கும் ஸ்டோருக்குப் பக்கத்து வளைவில் பைக் சறுக்கியது. அதன் பாரம் அத்தனையும் என் இடது காலில் விழுந்தது. எலும்பு முறிந்துவிட்டது. கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலியைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது.

பிளாஸ்டர் போட்டு முடிந்ததும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நானும் கொஞ்சம் இளகிவிட்டேன்.

"நல்ல வேளை, கம்பிய கழட்டி வச்சிருந்தேன்" என்றார். "இல்லாட்டி முழுசா கீறிப்போயிருக்கும்."

ஆறுதல் சொல்கிறாராம். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் என்னைப் படுக்கவைத்த கட்டிலுக்கு அடியில்தான் அது இருந்தது, என் நல்ல சேலை ஒன்றில் சுற்றி. பிளாஸ்டர் வெட்டும்வரைக்கும் மேலே நான் கிடந்தேன், கீழே அது கிடந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.