கிறிஸ்ரோபரை விசாரிக்க வந்தவர்

குருநகர் கிறிஸ்ரோபரின் ஓட்டோவில் ஏறுகிறவர்கள் போகிற இடத்தை மட்டும் சொன்னால் போதாது. பசி இல்லை என்றும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கோட்டையைப் பார்க்கக் கிளம்பியவர் நாலு கடையைப் பார்த்துவிட்டுத்தான் கோட்டைக்குப் போவார். கொழும்பிலிருந்து மூன்று நாள் லீவில் வந்த ஒரு மெல்லிய மனிதர், திரும்பும்போது பஸ் வாசலுக்குள் நுழைய முடியாமல் லொறியில் ஏற்றி அனுப்பப்பட்டார். லொறியின் நம்பர்கூட எனக்குத் தெரியும், நம்பாதவர்கள் கேட்கலாம்.

போன வெள்ளிக்கிழமை காலை பஸ் நிலையத்தடியில் அந்த ஓட்டோவில் ஏறியவர் உடுவில் பத்மாவதி.

"தம்பி, குருநகரிலை கிறிஸ்ரோபர் எண்டு ஒரு ஓட்டோக்காரர் இருக்கிறாராம். ஆள் எப்பிடி எண்டு நாலு பேரிட்டை விசாரிக்கோணும். என்ரை மகன் செந்தூரன் அவரின்ரை மகளைத்தான் கட்டுவன் எண்டு நிக்கிறான்."

ஓட்டோ ஒருமுறை துள்ளியது. மகள் றொசாந்தி முன்பே சொல்லியிருந்தாள்: செந்தூரனின் அம்மா ஓம் என்றால்தான் கலியாணம். "அது நான்தான்" என்று சொல்லத்தான் கிறிஸ்ரோபர் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"வெறும் வயித்தோடை விசாரிச்சால் ஒண்டும் விளங்காது அம்மா. முதல்லை வடை சாப்பிடுவம்."

குருநகர்ப் பக்கம் போனால் கைக்குழந்தையும் பேர் சொல்லிக் கூப்பிடும். ஆகவே ஓட்டோ எதிர்த்திசையில் பறந்தது.

ஏரம்புவின் வடைக்கடையில் பத்மாவதி கேட்டேவிட்டார். அவருக்குப் பின்னால் நின்ற கிறிஸ்ரோபர் வாயில் விரலை வைத்தார். பிறகு இரு கையையும் கூப்பினார்.

"கிறிஸ்ரோபரோ?" என்றார் ஏரம்பு, முகம் மாறாமல். "பொய் எண்டால் என்னெண்டு அந்தாளுக்குத் தெரியாது அம்மா."

"அடுத்தது ஐஸ்கிறீம்," என்று ஓட்டோவை நல்லூரடிக் கடைக்கு விட்டார் கிறிஸ்ரோபர். கோபுர உயரத்துக்கு ஐஸ்கிறீம் கொண்டுவந்து வைத்த நிவேதனா, பத்மாவதி கேட்டதும் எந்தச் சைகையையும் பாராமலே சொன்னாள்: "அவர் எங்களை ஏத்திக்கொண்டு போனால் வீட்டுப் படலை திறக்குமட்டும் நிண்டு பாத்திட்டுத்தான் போவார், அன்ரி."

கிறிஸ்ரோபருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோசத்தில் ஓட்டோ பழக்கதோசமாக அரியாலைக் கடலோரத்துக்கு ஓடியது. யாரை ஏற்றினாலும் கடைசியில் லூர்த்தம்மாவின் கடையில், பனங்கிழங்கு மாவில் நண்டு போட்டுக் காய்ச்சும் ஒடியல் கூழ்தானே! காற்று எதிரே வந்து நண்டு வாசத்தை மூக்கில் அடித்தது. பத்மாவதி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார்.

"தம்பி, இண்டைக்கு வெள்ளியெல்லோ!"

லூர்த்தம்மா அகப்பையோடு வெளியே வந்தார். பத்மாவதியின் பொட்டையும் திருநீற்றையும் பார்த்தார். கிறிஸ்ரோபரின் கைகள் எட்டுத் திசையிலும் சைகை காட்டின. ஒன்றும் பலிக்கவில்லை.

"எடேய் கிறிஸ்ரோபர்! வெள்ளிக்கிழமையிலை சைவக்கார மனிசியை நண்டுக் கூழுக்கோ கூட்டிக்கொண்டு வந்தனீ? உனக்கு மண்டையிலை என்ன, ஒடியல் மாவோ?"

கடல் அலைகூடச் சற்று நின்று கேட்டது. கிறிஸ்ரோபர் பத்மாவதியின் பக்கம் திரும்பினார்.

"நான்தான் அம்மா. பயத்திலை மறைச்சுப்போட்டன். மகள்மேலை பிழை இல்லை. என்னைப் பேசுங்கோ, அவளை வேண்டாமெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

"வடைக்கடைக் கண்ணாடி அலுமாரியிலை உம்மடை கூத்தெல்லாம் தெரிஞ்சது," என்றார் பத்மாவதி.

"அப்ப ஏனம்மா பேசாமல் வந்தனீங்கள்?"

"அடுத்தது ஐஸ்கிறீம் எண்டு சொன்னீரெல்லோ."

லூர்த்தம்மா சிரித்த சிரிப்பில் கரையில் நின்ற கொக்குகள் பறந்தன. பத்மாவதி சிரிக்கவில்லை.

"ஏரம்பு சொன்னது உம்மடை கையாலை வந்த சொல்லு. அந்தப் பிள்ளை சொன்னது தன்ரை வாயாலை வந்தது. அந்த ஒண்டே எனக்குக் காணும்."

பிறகு கூழ்ப் பானையைத் தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"அக்கா, ஞாயிற்றுக்கிழமை மகனோடை வாறன். சம்பந்தியும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரட்டும். நண்டு கொஞ்சம் கூடப் போடுங்கோ."