போறணை விறகை யார் தலையில் ஏற்றுவது?

பேக்கரித் தொழிலில் மா பொங்கியதா என்பது தொட்டுப் பார்த்தால் தெரியும்; லாபம் பொங்கியதா என்பதைத் தொட்டுப் பார்க்க ஒரு விரல் யாருக்கும் கிடையாது. கணவரின் கடைக்கு 'சும்மா கொஞ்சம் ஒத்தாசை' என்று இழுக்கப்பட்டு, அப்புறம் வெளியே வரவே முடியாமல் போன சகோதரிகளே, இது உங்களுக்குத்தான்.

எங்கள் பேக்கரி பதுளை டவுனில். பாட்டுப் போட்டுக்கொண்டு ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு இனிப்புப் பணிஸ் விற்கப் போகும் பாண் ஆட்டோ ஒன்றும் உண்டு. அதை ஓட்டுகிறவர் யோகன். ஆட்டோ நஷ்டம், மாதக் கடைசியில் விற்றுவிடுவோம் என்றார் என் கணவர் அன்டன். எல்ல என்ற ஊரில் வெள்ளைக்காரர்களை ஏற்றிச் சுற்றிக்காட்ட ஒருவர் கேட்டிருந்தாராம். ஆட்டோ போனால் யோகனுக்கு வேலை இல்லை. வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். பெட்டி காலியாகித் திரும்பும் வண்டி எப்படி நஷ்டமாகும் என்று கேட்டேன். கணக்கைக் காட்டினார். கூட்டல் சரி, வகுத்தல் சரி, எனக்கு வாயடைத்துப்போனது. எனக்கு வாயடைப்பது சகிக்கமுடியாத விஷயம். அதனால்தான் சனிக்கிழமைகளில் முகாமையாளர்களுக்கான நிதிப் பகுப்பாய்வு வகுப்பில் போய்ச் சேர்ந்தேன்.

முதல் கேள்வி

வகுப்பு முழுக்க வங்கிக்காரர்கள், ஹோட்டல்காரர்கள், தேயிலைத் தோட்டத்து உதவி மனேஜரான சின்னத்துரை ஒருவர். எல்லோர் முன்னாலும் லெப்டொப். என் முன்னால் குடை. படிப்பித்தவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கிரிஷாந்தி. வயதில் என் மகள் மாதிரி. கண்ணில் எங்கள் கொன்வென்ட் மதர் மாதிரி.

தொழில் எப்படி என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்ததும், பேக்கரி நன்றாகப் போகிறது என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை. "நல்லாப் போகுதெண்டு எல்லாரும்தான் சொல்லுறீங்கள், அக்கா. எதை வச்சுச் சொல்லுறீங்கள்?"

தேயும் மெஷின்

அடுத்த பாடம் தேய்மானம். வாங்கி முடித்த மெஷினும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிக்கொண்டே இருக்கிறதாம். வீட்டுக்கு வந்து மா பிசையும் மெஷினைப் பார்த்தேன். இத்தனை வருடம் வெறும் இரைச்சல் என்று நினைத்தது, தன்னையே அரைத்து எங்களுக்குப் பாணாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. பயபக்தியோடு ஒரு துணியை எடுத்துத் துடைத்தேன்.

இதன் தேய்மானத்தையும் செலவில் சேர்க்க வேண்டும் என்று அன்டனிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்தக் காசு வாங்குன அன்னிக்கே முடிஞ்சிருச்சு, பிலோமி. நீ எதுக்கு அத தெனமும் வாங்குற?"

விறகு

மூன்றாம் சனிக்கிழமை அன்டனின் கணக்கையே வகுப்பில் வைத்தேன். பாண் சுடும் அடுப்பான போறணைக்கு எரிக்கும் விறகு, இரவு வேலைக்காரர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, பாணுக்கும் பணிஸுக்கும் சமமாகப் பங்குபோட்டிருந்தார். ஆட்டோவில் போகும் பணிஸின் பங்கோடு பெட்ரோலும் யோகன் சம்பளமும் சேர்ந்தால் நஷ்டம். விற்றுவிடுங்கள் என்றது வகுப்பு, ஒரே குரலில். சின்னத்துரை குரல்தான் பெரிது.

கிரிஷாந்தி ஒன்றுதான் கேட்டார்: ஆட்டோ ஓடாவிட்டால் விறகு குறையுமா?

குறையாது. டவுன் பாணுக்காகவே போறணையை முழுதாக மூட்ட வேண்டும். இரவு வேலைக்கும் அதே ஆட்கள்தான். அந்தச் செலவுகளை ஆட்டோவின் தலையிலிருந்து இறக்கி வைத்தார். மா, சீனி, பெட்ரோல், யோகன் சம்பளம் எல்லாம் போக மிச்சம் நின்றது. தோட்டத்து ஆட்கள் கூடும் காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும் முன் கொழுந்து பறிக்கும் பெண்கள் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்ளும் பணிஸ், எங்கள் போறணை விறகுக்கு ஒரு கை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. வண்டியை விற்றால் அந்த விறகு முழுவதும் டவுன் பாண் தலையில் விழும்; அப்புறம் பாணும் நஷ்டம் என்போம். பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக நுணுக்குக்காட்டியில் வெங்காயத் தோலைப் பார்த்த நாளில் இப்படித்தான் உடம்பு சிலிர்த்தது. அதே வெங்காயம்தான், உள்ளே ஓர் ஊரே இருந்தது.

சின்னத்துரை மெதுவாக என் பக்கம் சாய்ந்தார். "எங்க ஃபெக்டரியிலயும் இந்த மாதிரி கணக்கப் பாத்துத்தான் ஒரு லொறிய வித்தோம், மிஸிஸ் அன்டன். யார்கிட்டயும் சொல்லிறாதீங்க."

கழுவிய வண்டி

மாதக் கடைசியில், ஆட்டோ கேட்ட எல்லக்காரர் முற்பணத்தோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். யோகன் வண்டியைப் பளபளவென்று கழுவி, முன்னால் இருந்த முருகன் படத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். அன்டனை உள்ளே இழுத்துப் போய்ப் போறணை முன்னால் நிறுத்தினேன். நாளைக்கு ஆட்டோ இல்லாவிட்டால் இதில் எந்தக் கட்டையை எடுப்பீர்கள் என்று கேட்டேன். அவர் ஒரு கட்டையை இழுத்துப் பார்த்தார், திரும்பவும் உள்ளே தள்ளினார். கடைசியில், பெட்ரோல் விலை ஏறினால் என்ன செய்வது என்றார். மறுபடி கணக்குப் பார்ப்போம், செலவுக்கே கட்டாத அன்றைக்கு நானே விற்கிறேன் என்றேன். அன்டன் வெளியே போய் எல்லக்காரருக்கு இன்னொரு தேத்தண்ணி கொடுத்து, மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தார்.

யோகனிடம், நாளைக்கும் லயத்துக்குப் போக வேண்டும், ஆனால் மிஞ்சுகிற பணிஸை இனித் தினமும் எனக்குச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் முருகனைத் திரும்பவும் ஒட்டிக்கொண்டே கேட்டார். "சரிங்கம்மா. நான் திங்கிறது மிஞ்சுனதுல சேருமா, வித்ததுல சேருமாங்க?"

ஒரே விறகை எந்தப் பக்கம் எழுதுகிறோம் என்பதில் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது என்று தெரிந்தபிறகு, கணக்குத் தெரியாதவர் கையில் கடையையும் தெரிந்தவள் கையில் கணவரையும் விட்டுவைப்பது நல்லதல்ல என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.